சாட்ஸ்வர்த்திலிருந்து லெனேசியாவுக்கு: டிரோன் அதிர்வு பற்றி

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. நீ அனுப்பிய பிளாக்பாக்ஸ் பதிவையும், அதாவது பறக்கும்போது டிரோன் தானே எழுதி வைக்கும் அதிர்வுக் கணக்கையும், திறந்து பார்த்துவிட்டேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். ஒரு வாரமாக மழை, துவைத்த துணியே காயவில்லை; டிரோனை யார் வெளியே எடுப்பது? அதனால் உனக்கு நீளமாகவே எழுத நேரம் கிடைத்திருக்கிறது.

ஒரே ஃபிரேம் (உடல் சட்டம்), ஒரே 2207 அளவு மோட்டார், ஒரே 5143 அளவு புரொப்பெல்லர் (விசிறி). இங்கே டர்பனில் அடக்கமாகப் பறப்பது அங்கே ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் ஏன் உறுமுகிறது, மோட்டார் ஏன் தொட முடியாமல் சுடுகிறது என்று கேட்டிருந்தாய். பாதிக் காரணம் உங்கள் ஊர்க் காற்று. ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி இங்கே இருப்பதைவிட 15 சதவீதம் அளவுக்குக் குறைவு. அதே எடையைத் தூக்கிப் பிடிக்க புரொப்பெல்லர் சுமார் 9 சதவீதம் வேகமாகச் சுழன்றாக வேண்டும். இங்கே அந்தரத்தில் நிற்க நிமிடத்துக்கு 9,000 சுற்று, அதாவது நொடிக்கு 150 என்று வைத்துக்கொள். உன் ஊரில் அது 163, 164 ஆகிவிடும். இப்போது உன் பதிவைப் பார். 165 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 165 அதிர்வில், ஒரு கோடு அசையாமல் நிற்கிறது. ஃபிரேமின் கைகள் இயல்பாக அதிரும் வேகம் அதுதான். இங்கே மோட்டார் அதைக் கடந்து போகிறது. அங்கே அதன் மேலேயே உட்கார்ந்துகொள்கிறது. ஊஞ்சல் திரும்பும் ஒவ்வொரு முறையும் சரியாக ஒரு தள்ளு தள்ளினால் என்ன ஆகுமோ அதுதான் நடக்கிறது.

சூடு எங்கிருந்து வருகிறது என்றால், டிரோனை நிலையாக வைக்கும் பி.ஐ.டி. கணக்கில் உள்ள டி பகுதியிலிருந்து. அது மாற்றத்தின் வேகத்தைப் பார்த்து வேலை செய்வது, ஆகையால் அதிர்வெண் கூடக் கூட இரைச்சலைப் பெருக்கிவிடும். மோட்டாருக்கு நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை 'ஏறு, இறங்கு' என்று உத்தரவு போகிறது. டிரோன் அசையாமல் நிற்பதுபோல் தெரியும், கம்பிச்சுருள் வெந்துகொண்டிருக்கும். பதிவைப் படிக்கும்போது இதை மனதில் வை: த்ராட்டில் (மோட்டார் வேகத்தைக் கூட்டும் விசை) ஏற ஏற சாய்வாக ஏறும் கோடு மோட்டார், புரொப்பெல்லர் சார்ந்தது. த்ராட்டில் எதுவானாலும் ஒரே இடத்தில் நிற்பது ஃபிரேம் சார்ந்தது. வேகமாக இறங்கும்போது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வரும் குலுக்கல், டிரோன் தான் கீழே தள்ளிய காற்றிலேயே விழுவதால் வருவது; அதற்காகத் தளர்ந்த திருகைத் தேடாதே. கேமரா படம் மட்டும் ஜெல்லி போல நெளிந்து, கைரோ (டிரோனின் சுழற்சியை அளக்கும் உணரி) பதிவு சுத்தமாக இருந்தால் கேமராவின் பிடிமானத்தை மட்டும் பார்.

கைரோ செய்தியில் உள்ள இரைச்சலை வடிகட்டும் ஃபில்டரை இறுக்கிவிடலாமா என்று கேட்டாய். வேண்டாம், இப்போதைக்கு. ஃபில்டரின் எல்லையைக் கீழே இறக்க இறக்க கைரோவின் செய்தி தாமதமாகிறது. தாமதமானால் பி.ஐ.டி. நேற்றைய செய்திக்கு இன்று பதில் சொல்லும். முதலில் ஸ்பேனர், பிறகு மடிக்கணினி.

புரொப்பெல்லர்களைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு கையையும் நகத்தால் சுண்டிப் பார். இறுக்கமான கார்பன் 'டிங்' என்று பதில் சொல்லும். திருகு தளர்ந்திருந்தாலும், மோட்டார் உட்காரும் நுனியில் அடுக்கு பிரிந்திருந்தாலும் 'டொக்' என்று மொட்டையாகக் கேட்கும். அடுக்கு பிரிந்த கையைப் பசை போட்டுக் காப்பாற்றாதே. அடுத்து, கணினியில் டிரோனை அமைக்கும் பீட்டாஃப்ளைட் மென்பொருளில் மோட்டார் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு மோட்டாராக 1200 என்ற த்ராட்டில் அளவு வரை ஓட்டி, கையின் நுனியில் விரல் வை. மூன்று மெதுவாக முனகி ஒன்று மட்டும் கரகரத்தால், அதன் அச்சு வளைந்திருக்கும் அல்லது பேரிங் போயிருக்கும். இந்த அளவு மோட்டாரில் பெரும்பாலும் 9×4×4 மி.மீ. பேரிங்தான், தனியாக மாற்றலாம், மோட்டாரையே வாங்க வேண்டாம். கடற்கரை உப்புக்காற்றில் எங்களுக்கு இது அடிக்கடி வரும் தொல்லை, உனக்கு மண்தூசி.

இனி ஃப்ளைட் கன்ட்ரோலர் (கைரோ இருக்கும் மூளைப் போர்டு) உட்கார்ந்திருக்கும் ரப்பர் வளையங்கள். நீ அனுப்பிய படத்தில் நான்கும் பக்கவாட்டில் பிதுங்கி நிற்கின்றன. நட்டை முழுக்க இறுக்கியிருக்கிறாய். அப்படி நசுங்கிய ரப்பர் ரப்பராக வேலை செய்யாது, வெறும் வாஷர்தான். நட்டைத் தளர்த்தி, வளையத்தைத் தொட்டதும் நிறுத்து. பிறகு போர்டின் ஒரு மூலையை விரலால் அழுத்து: அரை மில்லிமீட்டர் அமுங்கி, விட்டதும் தானே எழ வேண்டும். எழவில்லை என்றால் ஏதோ ஒன்று பிடித்து இழுக்கிறது. பெரும்பாலும் எக்ஸ்டி60 இணைப்பிக்குப் போகும் தடித்த பேட்டரி வயர்தான். அது விறைப்பாக இருந்தால் மோட்டாரின் நடுக்கம் அந்த வழியாகவே கைரோவுக்கு வந்து சேரும். போர்டுகளுக்கு நடுவே போகும் சின்ன வயரையும் கொஞ்சம் தளர விடு. ரிசீவரும் கெப்பாசிட்டரும் போர்டில் உரசக் கூடாது.

உன் ஃபிரேமின் கை 4 மி.மீ. மலிவாகக் கிடைத்தது என்று எழுதியிருந்தாய். இந்த இடத்தில்தான் அந்த மலிவு கடிக்கிறது. வளைவை எதிர்க்கும் வலு கனத்தின் மும்மடிப் பெருக்கமாகக் கூடும். 5 மி.மீ. என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நுனியில் அதே மோட்டார் இருக்க, 165-இல் நிற்கும் கோடு 220-க்கு மேலே போய்விடும். த்ராட்டில் ஏற்றும்போது அதையும் தாண்டத்தான் வேண்டும். ஆனால் தாண்டிப் போவது வேறு, அங்கேயே குடியிருப்பது வேறு. கையை மாற்றும்போது மோட்டார் திருகு எம்3×8 போடு. இப்போது இருக்கும் 4 மி.மீ. கைக்கு 8 நீளம் அதிகம். முனை கம்பிச்சுருளைத் தொட்டால் இ.எஸ்.சி. (மோட்டாரை ஓட்டும் போர்டு) புகைந்துவிடும். மல்டிமீட்டரில் திருகுக்கும் மோட்டார் வயருக்கும் தொடர்பு இல்லை என்று பார்த்த பிறகே பேட்டரி போடு. திருகு தளராமல் பிடிக்க நீல லாக்டைட் பசை ஒரு துளி; புரொப்பெல்லர் பக்கம் அது போகவே கூடாது, பிளாஸ்டிக் வெடித்துவிடும்.

புரொப்பெல்லரைத் தராசில் வைத்துச் சமன் செய்யும் வேலை இப்போது அவசியமில்லை. நுனி சிதைந்ததைத் தூக்கிப் போடு, அது போதும். மோட்டாருக்கு அடியில் ரப்பர் தகடு வைக்கும் பழக்கமும் வேண்டாம். இளகிய மோட்டார் தானே ஆடும்.

இரைச்சல் மின்சாரம் வழியாகவும் வரும். பேட்டரி வயர் சேரும் இடத்திலேயே 35 வோல்ட், 1000 மைக்ரோஃபாரட் லோ-ஈஎஸ்ஆர் (உள் மின்தடை குறைந்த) கெப்பாசிட்டரைக் கால் குட்டையாக வெட்டிப் பற்றவை. கால் நீளமானால் பயன் குறையும்.

இவ்வளவும் முடிந்த பிறகு மென்பொருள். உன் இ.எஸ்.சி. பிஎல்ஹெலி_எஸ் வகை, விலை குறைந்தது, தப்பில்லை. அதில் புளூஜே என்ற ஃபர்ம்வேரை (உள் மென்பொருளை) ஏற்று, இலவசம்தான். பழைய ஃபர்ம்வேர் காட்டும் லேஅவுட் பெயரை முதலில் எழுதி வைத்துக்கொண்டு அதையே தேர்ந்தெடு. ஏற்றியபின் மோட்டார் சுழலும் திசையை மறுபடி சரிபார். பிறகு பீட்டாஃப்ளைட்டில் போட வேண்டியவை: டிஷாட்300 (கன்ட்ரோலர் இ.எஸ்.சி.யோடு பேசும் முறை), இருவழி டிஷாட் (மோட்டார் வேகம் திரும்பி வர), மோட்டார் துருவம் 14. மோட்டார் பக்கத்தில் சுற்று எண்ணிக்கை தெரிந்து, பிழை 0% என்று வந்தால் ஆர்பிஎம் ஃபில்டர் வேலை செய்யும். அது ஒவ்வொரு மோட்டாரின் வேகத்தையும் பின்தொடர்ந்தே வெட்டுவதால் டர்பனும் லெனேசியாவும் அதற்கு ஒன்றுதான். 150-இல் நிலையாக வைத்த ஃபில்டர் உன் ஊரில் குறி தவறும்.

காசு விஷயத்தில் என் கணக்கு: டிரோன் கேமராவின் படத்தைக் கண்முன் காட்டும் கண்ணாடி, கேமரா, வீடியோ டிரான்ஸ்மிட்டர் எல்லாம் மலிவாகவே இருக்கட்டும். ஃபிரேமிலும் மோட்டாரிலும் மிச்சம் பிடிக்காதே. சீனாவிலிருந்து தருவிக்கும்போது 15 சதவீத வாட் வரி, கூரியர் செலவு எல்லாம் சேர்ந்துவிடும். உதிரிக் கைகளையும் பேரிங்கையும் ஒரே பொட்டலத்தில் சேர்த்துக் கேள்.

உங்கள் குளிர்காலக் காலையில் பேட்டரியைச் சட்டைக்குள் வைத்திருந்து எடுத்து மாட்டு. குளிர்ந்த லைப்போ பேட்டரி, த்ராட்டில் கொடுத்ததும் வோல்ட்டை இறக்கிவிடும், அதையும் அதிர்வு என்று நினைத்துக் குழம்பாதே. செல் ஒன்றுக்கு 3.5 வோல்ட் வந்ததும் இறக்கு. விதியும் தெரிந்ததுதானே: ஆட்கள், சாலை, வீடுகளிலிருந்து 50 மீட்டர் தள்ளி, உயரம் 45 மீட்டருக்குள், விமானத்தளத்திலிருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பால். கண்ணாடி மாட்டிப் பறக்கும்போது தம்பியைப் பக்கத்தில் நிறுத்தி வானத்தைப் பார்க்கச் சொல்.

கை மாற்றுவதற்கு முன் ரப்பர் வளையத்தை மட்டும் சரி செய்து ஒரு பதிவு, மாற்றியபின் ஒரு பதிவு எடு. அதே பேட்டரி, அதே புரொப்பெல்லர். முதலில் முப்பது நொடி நிறுத்திப் பறக்கவிட்டு, இறக்கி, நான்கு மோட்டாரையும் தொட்டுப் பார். விரல் வைக்க முடிந்தால் மட்டும் மேலே போ. இரண்டு பதிவையும் அனுப்பு, 165 எங்கே போனது என்று சேர்ந்து பார்க்கலாம். அக்காவுக்கு என் அன்பைச் சொல்.

உன்,
முருகேசன்