ஆய்விதழ் ஆசிரியர்களே, ஸ்கிரிப்டையும் கேட்டு வாங்குங்க

ஆய்விதழ் நடத்துற ஆசிரியர்களுக்கும், வர்ற கட்டுரையை படிச்சு கருத்து சொல்ற ரிவ்யூவர்களுக்கும் வணக்கம்.

கேட்கப்போறது ஒண்ணே ஒண்ணுதான். "தரவுகள் எஸ்பிஎஸ்எஸ் 26 மூலம் பகுப்பாய்வு செய்யப்பட்டன"ன்னு முறையியல் பகுதியோட கடைசியில ஒரு வரி வரும் பாருங்க (எஸ்பிஎஸ்எஸ்ங்கறது புள்ளிவிவரக் கணக்கு போடுற ஒரு சாஃப்ட்வேர்), அதோட திருப்தி ஆயிடாதீங்க. அனாலிசிஸ் ஓட்டின ஸ்கிரிப்ட், இல்லேன்னா சிண்டாக்ஸ் ஃபைல், அதாவது சாஃப்ட்வேருக்கு குடுத்த கட்டளைகள் வரிசையா இருக்குற ஃபைல், அதையும் கட்டுரையோட கேட்டு வாங்குங்க.

சாஃப்ட்வேர் பேரும் வெர்ஷனும் தெரிஞ்சிட்டா உள்ள என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சிடாதுங்க. ரெண்டு குரூப்போட சராசரியை ஒப்பிட டி-டெஸ்ட் போடுறோம்னு வைங்க. ஆர்னு இன்னொரு புள்ளிவிவர சாஃப்ட்வேர் இருக்கு, அதுல நீங்க ஒண்ணும் சொல்லலேன்னா அது வெல்ச் முறையில போட்டுடும், அதாவது ரெண்டு பக்கமும் வேரியன்ஸ் (எண்கள் சிதறியிருக்குற அளவு) சமம்னு எடுத்துக்காது. எஸ்பிஎஸ்எஸ் ரெண்டு வரியா குடுக்கும், மேல் வரி சமம்னு எடுத்துக்கிட்டது, கீழ் வரி எடுத்துக்காதது, நிறைய பேர் மேல் வரியை மட்டும் டேபிள்ல போட்டுட்டு போயிடுறாங்க. அனோவா, அதாவது பல குரூப்போட சராசரியை ஒப்பிடுற டெஸ்ட், இன்னும் மோசம். ரெண்டு ஃபேக்டர் (குரூப் பிரிக்கிற காரணி) இருந்து, ஒவ்வொரு குரூப்லயும் ஆள் எண்ணிக்கை ஏத்த இறக்கமா இருந்தா, ஆர்-ஓட சாதாரண அனோவா டைப் 1 சம் ஆஃப் ஸ்கொயர்ஸ்ங்கற கணக்கு முறையை போடும், எஸ்பிஎஸ்எஸ் டைப் 3 போடும். டைப் 1-ல எந்த ஃபேக்டரை முதல்ல எழுதினோம்கறதுக்கே பி-வேல்யூ (உண்மையில வித்தியாசமே இல்லேன்னா, இவ்வளவோ இதுக்கு மேலயோ வித்தியாசம் தற்செயலா வர்ற வாய்ப்பு) மாறும்! ரெண்டும் தப்பில்ல, ரெண்டும் வேற வேற கேள்விக்கு பதில், ஆனா எந்த கேள்வின்னு படிக்கிறவனுக்கு எப்படி தெரியும்?

அப்புறம் இந்த "பி = 0.000". எஸ்பிஎஸ்எஸ் டேபிள்ல 3 தசமம்தான் காட்டுது, அதனால அப்படி தெரியுது, அந்த கட்டத்தை டபுள் கிளிக் பண்ணா முழு எண்ணும் வந்துடும். 0.001-க்கு குறைவுன்னு எழுத வேண்டியதை பூஜ்யம்னு எழுதி, நீங்களும் அதை அப்படியே அச்சுல விடுறீங்க. இதுக்கு ஸ்கிரிப்ட் கூட வேணாம், கண்ணு இருந்தா போதும்.

டெஸ்டுக்கு முன்னாடி நடக்குற சுத்தம் பண்ற வேலைதான் எனக்கு பெரிய கவலை. பதில் சொல்லாதவங்களுக்கு 999-ன்னு போட்டு வெச்சிருப்பாங்க, அதை மிஸ்ஸிங்னு அறிவிக்காம விட்டா வயசு சராசரியே எகிறிடும். யாரை நீக்கினாங்க, எந்த அளவை அவுட்லையர்னு (மத்ததுல இருந்து ரொம்ப விலகினதுன்னு) தூக்கினாங்க, இதெல்லாம் எக்ஸெல்ல கையால பண்ணிட்டா தடயமே இருக்காது. மரபணு ஆய்வுல செப்ட்2, மார்ச்1 மாதிரி ஜீன் பேரையெல்லாம் எக்ஸெல் தேதியா மாத்தி மாத்தி, கடைசியில 2020-ல ஜீன்களுக்கே பேரை மாத்த வேண்டியதா போச்சு, அப்ப சாஃப்ட்வேர் மாறல.

ரெய்ன்ஹார்ட், ரோகாஃப்ங்கற ரெண்டு பொருளாதார நிபுணர்கள் 2010-ல எழுதின அரசுக் கடன் கட்டுரையை மறந்திருக்க மாட்டீங்க. அதுல ஒரு சராசரிக் கணக்குல 5 நாடுகளோட வரிசைகள் சேராமலே விட்டுப்போயிருந்துச்சு. 2013-ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தோட ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்துல ஒரு ஆய்வு மாணவர் அதை கண்டுபிடிச்சார், எப்படி? அவர் கேட்டப்ப எக்ஸெல் ஷீட்டை அவங்க குடுத்தாங்க. குடுக்காம இருந்திருந்தா அந்த விட்டுப்போன வரிசை இன்னிக்கு வரைக்கும் யார் கண்ணுலயும் பட்டிருக்காது. நான் கேட்கிறதெல்லாம், தனியா கெஞ்சிக் கேட்டு வாங்குற நிலைமை வேணாம், கட்டுரையோடயே வரட்டும்னுதான்.

"எங்க ஆட்களுக்கு கோடிங் வராது"ம்பீங்க. எஸ்பிஎஸ்எஸ் டயலாக்ல ஓகே பட்டனுக்கு பக்கத்துலயே பேஸ்ட்னு ஒரு பட்டன் இருக்கு, அதை அழுத்தினா மெனுவுல தேர்ந்தெடுத்தது எல்லாம் சிண்டாக்ஸா வந்து விழும், சேவ் பண்ணி அனுப்பினா முடிஞ்சுது. ஜமோவி, ஜாஸ்ப்னு ரெண்டு புள்ளிவிவர சாஃப்ட்வேர் இலவசம், சேவ் பண்ற ஃபைல்லயே எந்த ஆப்ஷன் டிக் பண்ணினோம்கறதும் பதிவாகிடும். என்ன, அதுக்குள்ள டேட்டாவும் சேர்ந்தே இருக்கும், நோயாளி விவரம் இருந்தா பார்த்து அனுப்பணும். ஆர் பயன்படுத்துறவங்க செஷன் இன்ஃபோவையும் (எந்த வெர்ஷன்ல ஓட்டினாங்கன்னு காட்டுற விவரம்) ஒட்டி அனுப்பட்டும், ஏன்னா 2019-ல வந்த 3.6.0-ல ரேண்டமா சாம்பிள் எடுக்குற முறையே மாறிடுச்சு, அதே சீட் நம்பர் (ரேண்டம் தேர்வைத் துவக்குற எண்) போட்டாலும் பழைய வெர்ஷன்ல வந்தது வராது.

டேட்டா ரகசியம்னு சொல்றது நியாயமான காரணம்தான். ஆனா ஸ்கிரிப்ட்ல இருக்கிறது பெரும்பாலும் வேரியபிள் பேரும் கட்டளையும்தானே, நோயாளி பேர் எங்க இருக்கு? டேட்டாவை பூட்டி வெச்சுக்கிட்டு ஸ்கிரிப்டை மட்டும் குடுக்கலாம். ரிவ்யூவருக்கு நேரம் இல்லைங்கறதும் புரியுது, எல்லாத்தையும் ஓட்டிப் பார்க்க சொல்லல, அமெரிக்கன் எகனாமிக் அசோசியேஷன் இதழ்கள் மாதிரி தனி டீம் வெச்சு ஓட்டிப் பார்க்க எல்லாராலயும் முடியாது. ஃபைல் வெளிய இருந்தா போதும், அக்கறை உள்ளவன் திறந்து பார்ப்பான்.

இதை கட்டாயம் ஆக்கினா கட்டுரை வரத்து குறையுமேன்னு ஒரு பயம் இருக்கும். குறையட்டுமே. எழுதினவங்களுக்கே திரும்ப ஓட்டிக் காட்ட முடியாத கட்டுரை வேற இதழுக்கு போனா உங்களுக்கு என்ன நஷ்டம்?

இப்படிக்கு,
மத்தவங்க டேட்டாவோட தினமும் மல்லுக்கட்டுற ஒரு ஆள்