மணியின் கதைக்குக் கடைசிப் பக்கம்

அன்புள்ள வசு,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. உன்னுடைய மூன்று கடிதங்களும் மேசை மேல்தான் இருக்கின்றன. தினமும் கண்ணில் படுகின்றன, தினமும் நாளைக்கு என்று தள்ளிவிடுகிறேன். மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கண் அறுவை முடிந்துவிட்டது, இப்போது கண்ணாடி இல்லாமலேயே பேப்பர் படிக்கிறாள். உன் மாடிப்படிச் சண்டை ஒரு முடிவுக்கு வந்ததா? பெரியவள் இன்னும் அதே வேலையில்தானா? இதற்கெல்லாம் பதில் போடு. இப்போது நான் சொல்ல வந்தது வேறு.

போன மாதம் பரணைச் சுத்தம் செய்யும்போது நம் கையெழுத்துப் பத்திரிகைக் கட்டு கிடைத்தது. உன் முத்து முத்தான எழுத்தில் எல்லா இதழும் அப்படியே இருக்கிறது. எட்டாவது இதழுக்குள் மணியின் மூலப்பிரதி மடித்து வைத்திருந்தது. நினைவிருக்கிறதா, செவ்வாய்க் கதை. பத்தொன்பது பக்கம், நீல மை, வலப்பக்கம் சாயும் அந்த நெருக்கமான எழுத்து. அதன் மேல் என் சிவப்பு மை. அவன் 'வந்தான்' என்று எழுதியிருக்கிறான். நான் அந்த 'ன்'னை அடித்துவிட்டு மேலே 'ள்' போட்டிருக்கிறேன். சிரித்தான், சிரித்தாள். கதவைத் திறந்தான், திறந்தாள். உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன், 41 இடங்கள். பதினான்காம் பக்கத்தில் பேனா அழுந்தித் தாளே கிழிந்திருக்கிறது.

அந்தக் கதையை முதல் தடவை படித்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. செவ்வாயில் ஓர் ஆள், இங்கே ஓர் ஆள். செவ்வாய் அருகில் வரும் காலத்தில் ஒரு செய்தி போய்ச்சேர 3 நிமிடம், விலகிப் போகும் காலத்தில் 22 நிமிடம். முதல் ஒன்பது பக்கமும் இருவரும் அனுப்பிக்கொள்ளும் செய்திகள்தான். 'நீ இதைக் கேட்கும்போது நான் தூங்கியிருப்பேன்' என்று ஒரு வரி வரும். அதைப் படித்து அழுதேன். பத்தாம் பக்கத்தில் செவ்வாய்க்குப் போனவர் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறார். அங்கேதான் முதல் முறையாக 'வந்தான்', அடுத்த வரியில் 'பார்த்தான்'. இரண்டு பேரும் ஆண்கள். என் கை அந்த இடத்தில் சிவப்புப் பேனாவை எடுத்திருக்கிறது, வசு. ஒன்பது பக்கம் என்னை அழவைத்த அதே இரண்டு பேர்தான். ஒரு மெய்யெழுத்தைப் பார்த்ததும் எனக்குத் திருத்தத் தோன்றியது.

மறுநாள் அவனிடம் சொன்னது இதுதான்: "எனக்கு ஒன்றும் இல்லை மணி, படிக்கிறவங்களுக்குத்தான் ஒட்டாது."

இதே பேச்சு 1960களின் இறுதியில் அமெரிக்காவில் நடந்திருக்கிறது. சாமுவேல் டிலேனியை நினைவிருக்கிறதா? கறுப்பினத்தவர், தன்பாலீர்ப்பாளர், இருபத்தைந்து வயதுக்குள் அறிபுனையில், அதாவது அறிவியல் கதைகளில், பெரிய பெயர் எடுத்தவர். விண்வெளிக்குப் போவதற்காகப் பாலையே இழந்தவர்களையும், அவர்கள்மேல் ஆசைப்படுகிறவர்களையும் வைத்து 1967இல் அவர் எழுதிய சிறுகதை அறிபுனைக்கான நெபுலா விருது வாங்கியது. அவருடைய அடுத்த நாவலைத் தொடராகப் போட ஜான் கேம்பல் மறுத்துவிட்டார். அன்றைக்கு அறிபுனை உலகில் அவர்தான் பெரிய பத்திரிகை ஆசிரியர். கதை பிடித்திருக்கிறது, ஆனால் கறுப்பர் ஒருவர் நாயகனாக இருந்தால் வாசகர்கள் ஒட்டமாட்டார்கள் என்றாராம். டிலேனி இதை 1998இல் ஒரு கட்டுரையில் எழுதினார். அங்கே நிறம், இங்கே பால், ஆனால் வாக்கியம் ஒன்றேதான். எனக்கு ஒன்றும் இல்லை, வாசகர்களுக்குத்தான். நம் பத்திரிகைக்கு மொத்தம் முப்பது வாசகர்கள். அவர்களில் ஒருவரைக்கூட நான் கேட்கவில்லை.

மணிக்குப் போன் செய்தேன். இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் செய்தேன். மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னான்: "நீ திருத்தின கதையும் நல்லாத்தான் இருந்தது. என் கதையா இல்லை, அவ்வளவுதான்." அதில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிறகு தன்னைப் பற்றியும் சொன்னான், இத்தனை வருஷம் கழித்து. பதினோரு வருஷமாகத் துணைவரோடு சேர்ந்து வாழ்கிறான். வசுவுக்கு எழுதலாமா என்று கேட்டேன், இதை அவனுடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். அதற்கு அவன் சொன்ன பதில்: "வசுவுக்கு அப்பவே தெரியுமே."

முதலில் எனக்கு உன்மேல் கோபம் வந்தது. ஒரே அறையில் மூன்று வருஷம் இருந்தோம், எதையும் மறைத்ததில்லை என்று நினைத்திருந்தேன். நீ இதை வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாய்! அழுத்தக்காரி. இரண்டு நாள் பொருமிக்கொண்டுதான் இருந்தேன். சொல்வதானால் அவன்தான் சொல்ல வேண்டும், நீ சொல்லக்கூடாது என்று பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த வயதிலேயே உனக்கு அது தெரிந்திருக்கிறது. உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது, வசு.

அன்றிலிருந்து ஒரு மாதமாக வேறெதுவும் படிக்கவில்லை. அமெரிக்க அறிபுனை எழுத்தாளர் அர்சுலா லெ குவினை மறுபடி எடுத்தேன், 1969இல் வந்த அந்தப் பனிக்கிரக நாவலைத்தான். அங்கே யாரும் நிரந்தரமாக ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. மாதத்தில் சில நாள் மட்டும் ஏதாவது ஒரு பால் அமைகிறது, அதுவும் முறைக்கு முறை மாறலாம். ஒருவரே ஒரு பிள்ளைக்குத் தாயாகவும் இன்னொரு பிள்ளைக்குத் தந்தையாகவும் இருப்பார். இவ்வளவு தூரம் யோசித்தவர் அவர்கள் எல்லோரையும் ஆங்கிலத்தில் 'அவன்' என்றே எழுதிவிட்டார். படிக்கிறவர்கள் அத்தனை பேரையும் ஆணாகவே பார்க்கிறார்கள். இதை வாசகர்கள் கேட்டார்கள். 1976இல் ஒரு கட்டுரையில் தான் எழுதியது சரி என்று வாதாடினார். 1980களின் இறுதியில் அதே கட்டுரையை மறுபடி அச்சிட்டபோது பழைய வரிகளை அழிக்கவில்லை. அவற்றின் பக்கத்திலேயே இது தவறு, இங்கே நான் யோசிக்கவில்லை என்று எழுதிவைத்தார். அந்த மக்களிடம் ஒரே பால் கொண்டவர்களின் உறவுக்கு இடமே வைக்காமல் விட்டதையும் ஒப்புக்கொண்டார், அதற்கு அவசியமே இருக்கவில்லை என்றார். 1995இல் அதே கிரகத்துக்குத் திரும்பிப்போய் ஒரு சிறுகதை எழுதினார். அங்கே பிறந்த ஒருவரே தன் பருவமெய்தலைச் சொல்கிற கதை. அவனா அவளா என்ற சங்கடமே இல்லை, 'நான்' என்று தொடங்கிவிடுகிறார். தன் பிழையைத் திருத்த அவருக்கு 26 வருஷம் ஆயிருக்கிறது. உலகம் கொண்டாடிய, விருதுகள் வாங்கிய புத்தகம் அது. அதைப் பற்றி இப்படி எழுத யாருக்கு மனசு வரும்?

அந்த நாவலில் ஒரு நாட்டின் அரசர் கர்ப்பமாக இருப்பதாக ஒரு வாக்கியம் வரும். ஆங்கிலத்தில் அது தலையில் குட்டுவதுபோல் விழும். தமிழில் 'அரசர் கருவுற்றிருந்தார்' என்று எழுதிப் பார்த்தேன். எந்த இடறலும் இல்லாமல் உட்கார்ந்துகொண்டது! நம் 'ஆர்' விகுதி அந்தக் கிரகத்துக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது.

அதிலிருந்து எனக்கு ஒரு பித்து பிடித்துவிட்டது. யோசித்துப் பார். வந்தேன் என்றால் ஆணா பெண்ணா தெரியாது. வந்தாய் என்றாலும் தெரியாது. டா, டி சேர்க்காதவரை, எதிரில் நின்று பேசுகிறவரிடம் தமிழ் பால் கேட்பதே இல்லை. அந்த ஆள் எழுந்து வெளியே போனதும்தான் கேட்கிறது: போனானா, போனாளா? மணி அதைத்தானே கதையாக்கியிருக்கிறான்! இருபது வயதுப் பையன்! நானும் நீயுமாகவே ஒன்பது பக்கம் நம்மைக் கூட்டிக்கொண்டு போகிறான். நாம் அவர்கள்மேல் முழுசாக ஆசை வைத்தபிறகு கதவைத் திறந்து காட்டுகிறான். அதைத்தான் நான் அடித்துவிட்டேன்.

தொல்காப்பியத்தில் கிளவியாக்கத்தின் நான்காம் நூற்பாவைப் பரீட்சைக்காக உருப்போட்டோமே, 'இவ்வென அறியும் அந்தம் தமக்கிலவே'. ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் பெயர்களையும் தெய்வப் பெயர்களையும் பற்றிச் சொல்லும் இடம். இவர்களுக்கென்று தனி விகுதி கிடையாது, உயர்திணைக்குரிய விகுதிகளையே ஏற்றுவரும் என்கிறார். அன்றைக்கு மதிப்பெண்ணுக்காகப் படித்தது. இப்போது படித்தால் நெஞ்சை அடைக்கிறது. அந்த மனிதர்கள் அன்றும் இலக்கணக்காரரின் கண்முன்னே இருந்திருக்கிறார்கள். அவர்களை அஃறிணையில் தள்ளவில்லை, உயர்திணையில் வைத்துவிட்டு, மொழியில் இவர்களுக்கு ஓர் எழுத்து இல்லையே என்று குறித்தும் வைத்திருக்கிறார். இன்றைக்கு ஒரு திருநங்கையை 'அது' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். 'அவர்' எல்லாவற்றுக்கும் ஆகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். மரியாதை கூடினால் நெருக்கம் குறைகிறது. காதலியைப் பற்றி நினைக்கும்போது 'அவர் தூங்கிக்கொண்டிருந்தார்' என்று எழுதினால் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டதுபோல் இருக்கும். அறிபுனை எழுத்தாளர் ஆன் லெக்கி 2013இல் வந்த தன் முதல் நாவலில் ஒரு பேரரசு முழுவதையும் 'அவள்' என்றே சொல்லிவிட்டார். அதைத் தமிழில் செய்தால் ஒவ்வொரு வினைமுற்றிலும் 'ஆள்' வரும், வாக்கியத்துக்கு வாக்கியம் உறுத்தும். அப்படி உறுத்தட்டும், நல்லதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நீ என்ன சொல்கிறாய்?

இனி சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டம். போனில் மணி கடைசியாகக் கேட்டான்: "முடிவையும் நீதான் மாத்தினே, ஞாபகம் இருக்கா?"

நினைவே இல்லை, வசு. பிரதியைப் பார்த்தேன். பதினெட்டாம் பக்கத்தோடு அவன் எழுத்து நின்றுவிடுகிறது. பத்தொன்பதாம் பக்கம் என் எழுத்து. அதில் திரும்பிவந்த ஆள் கதிர்வீச்சால் செத்துப்போகிறாள். அதுதான் உருக்கமான முடிவு என்று அன்றைக்கு நினைத்திருப்பேன். அவன் எழுதிய பக்கத்தில் என்ன இருந்தது என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லை. ரெண்டு பேரும் வயசாகி, வீட்டு வாசலில் உக்காந்து, செய்தி வர 22 நிமிஷம் காத்திருந்ததைப் பத்திப் பேசிக்கிட்டிருப்பாங்க. அவ்வளவுதான்." அவ்வளவுதானாம்!

இப்படிப்பட்ட காதலைச் சாகடித்தே முடிப்பது உலகம் முழுக்க ஒரு வழக்கமாக இருந்திருக்கிறது. எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, ஆனாலும் கை தானாக அங்கே போயிருக்கிறது. ஆங்கில எழுத்தாளர் ஃபார்ஸ்டர் 1909இல் எழுதிய இயந்திரக் கதையை உனக்குத்தான் பிடிக்குமே. இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழப்போவதாக முடியும் ஒரு நாவலையும் அவர் 1913இல் தொடங்கி அடுத்த வருஷம் எழுதி முடித்தார். சந்தோஷமாகத்தான் முடிய வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். அதனாலேயே உயிரோடு இருந்தவரை வெளியிடவில்லை. 1970இல் இறந்தார், 1971இல் புத்தகம் வந்தது. அமெரிக்க அறிபுனை எழுத்தாளர் ஸ்டர்ஜன் என்னைப்போல் பயப்படவில்லை. 1953 ஏப்ரலில் அமெரிக்க அரசு ஒரு ஆணை போட்டது, அதைக் காட்டித் தன்பாலீர்ப்பாளர்களை அரசு வேலையிலிருந்து துரத்தினார்கள். அதே வருஷம் ஜூனில் அவருடைய சிறுகதை வந்தது. வேறு கிரகத்திலிருந்து தப்பிவந்த ஒரு காதல் ஜோடி, பூமியே அவர்கள்மேல் மயங்கிக் கிடக்கிறது. கைதிகளாகத் திருப்பிக் கொண்டுபோகும் கப்பலில் இருவரும் ஆண்கள் என்று ஒருவனுக்குத் தெரிகிறது. வாயே திறக்காத கப்பல்காரன், தன் தலைவன்மேல் உள்ள காதலைச் சொல்லாமலே மறைத்து வாழ்கிறவன். அவன் அவர்களைத் தப்பவிடுகிறான். அந்த ஜோடி சாகவில்லை, வசு! 1953இல் ஒருவர் அவர்களைச் சாகவிடாமல் அனுப்பிவைத்திருக்கிறார்.

மணியின் கதையை மீண்டும் முழுசாகத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். 41 'ன்'னும் திரும்பிவந்தாயிற்று. மணி சம்மதித்துவிட்டான், அவன் பெயரிலேயே வரட்டும் என்கிறான். துணைவரிடம் படித்துக் காட்டப்போகிறானாம். கடைசிப் பக்கத்தை மறுபடி எழுதித் தருகிறாயா என்றால் மட்டும் மாட்டேன் என்கிறான். "அது அந்த வயசில் எழுதினது. இப்ப எழுதினா வேற மாதிரி வரும்." சரிதானே.

அதனால்தான் உனக்கு இவ்வளவு நீளக் கடிதம். மணியின் பிரதி முதலில் உன்னிடம்தான் வரும். நீ படித்துவிட்டுத்தான் என்னிடம் தருவாய், நான் திருத்தியதை நீ மறுபடி படியெடுப்பாய். பத்தொன்பதாம் பக்கத்தை நான் மாற்றியதும் பழைய தாளை நீ தூக்கிப் போட்டிருக்க மாட்டாய். பஸ் டிக்கெட்டைக்கூடத் தூக்கிப் போடாதவள் நீ. அந்தப் பச்சை டிரங்குப் பெட்டி இன்னும் இருக்கிறதா? அதில் அடியில், கடிதக் கட்டுகளுக்குக் கீழே பார். கோடு போட்ட முழுத்தாள், நீல மை, வலப்பக்கம் சாய்ந்த எழுத்து, மேல் ஓரத்தில் 19 என்று இருக்கும்.

கிடைத்தால் தபாலில் போடாதே. படம் எடுத்து அனுப்பு, தாளை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். அடுத்த மாதம் முதல் வாரம் நீ ஊரில்தானே இருப்பாய்?

அன்புடன்,
சுகு