குழுப் பயிற்சியின் முதல் ஆண்டு: சைக்கிளோட்டிகள் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஞாயிறுதோறும் விடியுமுன் விளக்கும் ஹெல்மெட்டுமாக வந்து நின்ற நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் நிறைவேற்றினோம். 200, 300, 400, 600 கிலோமீட்டர் பிரெவேக்களை, அதாவது நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் பயணங்களை, ஒரே பருவத்தில் முடிக்க விரும்பும் உறுப்பினர்களுக்குச் சங்கமே குழுவாகப் பயிற்சி தர வேண்டும் என்பது அது. அந்தத் தீர்மானம் எப்படிச் செயலானது என்பதைச் சொல்வதே இவ்வறிக்கையின் முதன்மையான நோக்கம். பிற அலுவல்கள் வழக்கம்போல நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இவ்வாண்டு சேர்ந்தவர்களுக்காக விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரெவே பந்தயம் அன்று. 200 கி.மீ. தூரத்தை 13 மணி 30 நிமிடத்திலும், 300 கி.மீ.யை 20 மணி நேரத்திலும், 400 கி.மீ.யை 27 மணி நேரத்திலும், 600 கி.மீ.யை 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டும். முதலில் வந்தவருக்கும் கடைசியாக வந்தவருக்கும் ஒரே மதிப்புத்தான். இந்த நான்கையும் ஒரே பருவத்தில் முடிப்பவர் சூப்பர் ரான்டனர். 1904இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சுச் சைக்கிள் சங்கமான ஆடாக்ஸ் கிளப் பாரிசியான் நான்காண்டுக்கு ஒருமுறை நடத்தும் 1200 கி.மீ. பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பயணத்துக்கு இதுவே தகுதி. நம் உறுப்பினர் சிலருக்கு அந்தக் கனவு இருப்பதை அறிவேன்.

பிரெவேயில் நீங்கள் நின்றாலும் கடிகாரம் நிற்காது. பஞ்சர் ஒட்டுவது, சாப்பிடுவது, கண்ணயர்வது எல்லாம் அந்த நேரத்துக்குள்தான். சராசரி வேகத்தை மணிக்கு 22 கிலோமீட்டரிலிருந்து 25க்கு உயர்த்தப் பலருக்கு ஒரு பருவமே தேவைப்படும். 200 கி.மீ.யில் அதனால் மிச்சமாவது ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். தேவையற்ற ஆறு நிறுத்தங்கள், நிறுத்தத்துக்குப் பத்து நிமிடம் என்றால், அந்த மிச்சம் ஏறக்குறைய முழுவதும் கரைந்துவிடும். ஆகவே நிறுத்தங்களையும் பயிற்சியாகவே நடத்தினோம். வண்டியிலிருந்து இறங்குமுன் செய்ய வேண்டியதை முடிவு செய்துகொள்ள வேண்டும். முதலில் புட்டியில் நீர், பிறகு உணவு, வந்து சென்றதற்குச் சான்றாகப் பயண அட்டையில் முத்திரை, உடனே கிளம்பல். இவ்வாண்டு நாம் கற்றவற்றுள் இதையே முதன்மையானதாகக் கருதுகிறேன்.

சாலையில் கற்றதும் கொஞ்சமில்லை. முன்னால் செல்பவரின் பின்னே ஒட்டிச் சென்றால் காற்றின் எதிர்ப்பு வெகுவாகக் குறையும். ஆனால் அதற்கு நம்பிக்கையும் ஒழுங்கும் வேண்டும். முன் செல்பவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நம் முன்சக்கரம் நுழையக் கூடாது. உரசினால் விழுவது பின்னால் வருபவரே. பள்ளம், கல், வேகத்தடை எதுவானாலும் கையாலும் குரலாலும் வரிசையின் கடைசிவரை தெரிவிக்க வேண்டும். முன்னிடத்துக்கு வருபவர் உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டுவதுதான் திருத்தக் கடினமாக இருந்த பழக்கம். முன்னால் சிறிது கூடினாலும் வால்பகுதியில் இருப்பவர் மூச்சிரைக்கத் துரத்த வேண்டியதாகிறது. விலகுபவர் முதலில் ஒதுங்கி, பிறகே வேகத்தைக் குறைக்க வேண்டும், வருபவர் அதே வேகத்தில் தொடர வேண்டும் என்று வகுத்த பிறகே வரிசை அறுபடாமல் நின்றது. ஏற்றங்களில் மட்டும் அவரவர் போக்கில் ஏறி, உச்சியில் கூடினோம்.

வேகத்தின்படி குழுவைப் பிரிக்க வேண்டும் என்று சில உறுப்பினர்கள் எழுத்து மூலம் கேட்டார்கள். 300 கி.மீ. முடியும்வரை பிரிக்க வேண்டாம் என்று செயற்குழு முடிவெடுத்தது. அது சரியான முடிவு என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. வேகப் பயிற்சியை வார நாள்களில் தனியே செய்துகொள்ளலாம். மணிக்கணக்கில் ஒரே சீராக மிதிக்கும் பொறுமை வேகமானவர்களுக்குத்தான் கூடுதலாகத் தேவை. தவிர, 400 கி.மீ. பயணத்தில் விடியலுக்கு முந்தைய நேரத்தில் தூக்கம் அழுத்தும்போது, பக்கத்தில் பேச்சுக் கொடுத்துக்கொண்டு வரும் ஒருவரின் அருமையை அவர்களே பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

கடினமாக மிதித்தால் உடலில் சேமித்த மாவுச்சத்தான கிளைகோஜன் இரண்டு மணி நேர அளவில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பசித்த பிறகு உண்பது காலங்கடந்த செயல். மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும் என்பதால், கடைசியில் வருபவர் மணிக்கொரு முறை குரல் கொடுக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தோம். வியர்த்துக் கொட்டும் நாளில் வெறும் தண்ணீரை மட்டும் மிகையாகக் குடிப்பதும் ஆபத்து. உப்பும் சேர வேண்டும்.

200, 300 கி.மீ. தூரங்களைப் பயிற்சிக்கு ஒழுங்காக வந்தவர்கள் பெரும்பாலும் முடித்தார்கள். 600ஐ எட்டியவர்கள் சிலரே. இடையில் நின்றவர்களில் பலருக்கு மூச்சோ தசையோ தோற்கவில்லை. முழங்கால் முன்பக்க வலியும் கைவிரல் மரத்துப்போதலுமே நிறுத்தின. இருக்கை தாழ்வாக இருப்பதும் கனமான கியரில் அழுத்தி மிதிப்பதும் முதலாவதற்கு வழக்கமான காரணங்கள். நெடுநேரம் கையை மாற்றாமல் கைப்பிடியில் பாரம் போடுவது இரண்டாவதற்கு. வரும் பருவத்தில் முதல் நீண்ட பயணத்துக்கு முன்பே ஒவ்வொருவரின் வண்டி அளவையும் சரிபார்க்க ஏற்பாடு செய்கிறோம்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்காக இரண்டு கோரிக்கைகள். முதலாவது, சேர்க்கை பற்றியது: 300 கி.மீ.க்குப் பெயர் கொடுப்பவர் குறைந்தது ஓர் இரவுப் பயணத்திலாவது முழுமையாகக் கலந்துகொண்டிருக்க வேண்டும். ஒளிர்சட்டையும் மாற்று விளக்கும் இல்லாதவரைக் குழுவில் சேர்க்கக் கூடாது. இரண்டாவது, வால்காவல், அதாவது வரிசையின் கடைசியில் வந்து அனைவரையும் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை மூத்த உறுப்பினர்கள் அனைவரும் முறைவைத்து ஏற்க வேண்டும். இவ்வாண்டு அதே சிலரே தங்கள் சொந்தப் பயிற்சியை விட்டுக்கொடுத்து ஞாயிறுதோறும் கடைசியில் வந்தார்கள். அவர்களுக்குச் சங்கம் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறது.

இவ்வறிக்கையை ஏற்று, இரு கோரிக்கைகளையும் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்