யாழ்ப்பாணத்து முந்திரிகை வைனுக்குப் பெயர் எழுதுமுன்

பணிப்பாளர் நாயகம்,
தேசிய புலமைச் சொத்து அலுவலகம்,
கொழும்பு.

மதிப்புக்குரியவருக்கு,

2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக் கறுவாவுக்குப் புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப் பெயருக்கான சட்டக் காவல், கொடுத்தது. அதே ஆண்டில் 2003 ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டமும் திருத்தப்பட்டு, இப்படியான பெயர்களை உள்நாட்டிலேயே பதிய வழி திறந்தது. யாழ்ப்பாணத்து முந்திரிகையும் (திராட்சை) அதன் வைனும் என்றைக்காவது உங்கள் மேசைக்கு வரும். அப்போது அந்தப் பெயரைத் தோட்டத்தோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல். போத்தலில் அடைத்த இடத்தை வைத்துப் பெயர் கொடுத்தால் பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

வெள்ளவத்தையில் ஒரு கடையில் முந்திரிகைச் சாற்றுப் போத்தல் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். பனைமரப் படம், அதன் கீழே யாழ்ப்பாணம் என்று கொட்டை எழுத்து. பழம் எந்த ஊரில் விளைந்தது என்று எங்கும் இல்லை. கடைக்காரத் தம்பியைக் கேட்டேன். "அண்ணை, பெட்டி யாழ்ப்பாணத்தாலதான் வந்தது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. இப்போதைக்கு எங்களிடம் இருக்கும் அத்தாட்சி அந்தப் பெட்டிதான்.

தோட்டம் ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். உரும்பிராய், கோண்டாவில், இணுவில் பக்கத்துச் செம்மண்ணில் தண்ணீர் தேங்காது. அதன் அடியில் சுண்ணாம்புக்கல். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரி மழை மண்ணால் இறங்கிக் கல்லின் வெடிப்புகளில் நிறைந்து கிணற்றுக்கு வருகிறது. அந்த நன்னீரோ கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது நீரியலாரின் கணக்கு. அதையே திருப்பிப் பாருங்கள். மேலே ஒரு அடி இறங்கினால், காலப்போக்கில் கீழேயிருந்து உவர் நாற்பது அடி ஏறும். துலா மிதித்து இறைத்த காலத்தில் ஆள் களைத்தால் கிணறும் இளைப்பாறும். மோட்டாருக்குக் களைப்பில்லை. உவர் ஏறிய தண்ணீரை முந்திரிகைக்குப் பாய்ச்சினால் முதலில் இலையின் ஓரம் கருகும், பிறகு குலை சிறுக்கும்.

சுண்ணாம்பின் சுவை கிண்ணத்தில் தெரிகிறது என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. கல் அப்படியே பழத்துக்குள் ஏறுவதில்லை. எவ்வளவு தண்ணீர், எப்போது, எவ்வளவு நேரம் வேரடியில் நின்றது என்பதுதான் மண் செய்யும் வேலை. எனவே யாழ்ப்பாணத்து வைனின் குணத்தைக் காக்க வேண்டுமானால் காக்க வேண்டியது கிணற்றை.

அடுத்தது கத்தரிக்கோல். அங்கே பெரும்பாலும் பந்தலில் ஏறியிருப்பது இஸ்ரேல் நீலம் என்ற இனம். குளிர்காலம் இல்லாத ஊரில் கொடிக்குப் பருவம் காட்டுவது தோட்டக்காரர்தான். அவர் கிளையை வெட்டிய நாளிலிருந்து ஏறத்தாழ மூன்றரை மாதத்தில் குலை பழுக்கும். நாள் பிசகிப் பூவும் மாரியும் சந்தித்தால், இலையின் அடியில் வெண்பூஞ்சணம் படர்ந்து பிஞ்சு கொட்டிவிடும். இரவும் வெக்கையாக இருப்பதால் பழத்தில் புளிப்பு நிற்பதில்லை. இனிப்பு வைனுக்குத்தான் அது தோது. பிரெஞ்சு வைனோடு வைத்துப் பார்த்து மூக்கைச் சுளிக்கும் கொழும்புக்காரரை விட்டுவிடுவோம்.

விதி எழுத முன்மாதிரி தேடி வெகுதூரம் போகவும் தேவையில்லை. 1928 இல் தோமஸ் அடிகளார் யாழ்ப்பாணத்துத் தோலகட்டியில் தொடங்கிய செபமாலைத் தாசர் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் வைனும் நெல்லி ரசமும் தமிழ் வீடுகளுக்குத் தெரிந்தவை. போரில் அந்த இடம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டுப் பல ஆண்டுகள் ஆளில்லாமல் கிடந்தது. பூசைக்கு வைக்கும் வைன் முந்திரிகைப் பழத்தின் இயல்பான வைனாக, கெடாததாக இருக்க வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம். எசன்சையும் சீனிப்பாகையும் தூரத்தில் வைக்க இந்த ஒரு வரி போதும். நீங்கள் அதோடு விளைந்த ஊரையும் சேர்த்தால் சரி. யார் வைன் செய்யலாம் என்பதை மதுவரித் திணைக்களம் 1912 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி பார்த்துக்கொள்ளட்டும்.

தேனி மாவட்டத்துக் கம்பம் பன்னீர் திராட்சை 2023 இல் புவிசார் குறியீடு பெற்றது நல்ல செய்தி. ஆனால் நான் உங்களைப் பார்க்கச் சொல்வது போர்த்துக்கலின் கொலாரிஸை. லிஸ்பனுக்கு மேற்கே அத்திலாந்திக் கரையோர மணலில் வளரும் கொடிகள் அவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பியத் தோட்டங்களை வேர்ப்பூச்சி அழித்தபோது, மணலில் அந்தப் பூச்சி வாழ முடியாததால் கொலாரிஸ் தப்பியது. 1908 இல் எல்லை வகுத்துப் பெயருக்குச் சட்டக் காவலும் போட்டார்கள். பிறகு லிஸ்பன்காரர் கடற்கரையில் வீடு கட்ட வந்தார்கள். பூச்சியால் முடியாததைக் காணி விலை செய்தது. இன்று எஞ்சியிருப்பது மிகச் சிறிய பரப்பு. யாழ்ப்பாணத்தில் செம்மண் காணி ஒரு பரப்பு (எங்கள் ஊர்க் காணி அளவு) என்ன விலை போகிறது என்று உங்களுக்கும் தெரியும்.

ஆகவே பதிவில் மூன்று விடயங்களையாவது எழுத்தில் பாருங்கள்: பழம் முழுவதும் குடாநாட்டில் விளைந்ததாக இருக்கட்டும், வெளியிலிருந்து செறிசாறு (வற்றவைத்த பழச்சாறு) சேரக்கூடாது, பதிந்த தோட்டங்களின் கிணற்று உவரளவை ஆண்டுதோறும் அளந்து வெளியிட வேண்டும். பெயரின் உரிமை தோட்டக்காரரின் சங்கத்திடம் இருக்கட்டும். உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கை மற்றப் பொருட்களைவிட வைனுக்குக் கூடுதல் காவல் தருகிறது. "யாழ்ப்பாண வகை", "யாழ்ப்பாணப் பாணி" என்று ஒட்டித் தப்பவும் அதில் இடமில்லை. அந்தக் காவல் யாருக்குப் போகிறது என்பதைத் தீர்மானிப்பது உங்கள் விதி.

இது பற்றி விசாரணைக் கூட்டம் வைத்தால் அதைக் கொழும்பில் வைக்காதீர்கள். என்னைப் போல் வெள்ளவத்தையில் இருந்து பழம் வாங்கித் தின்கிறவர்கள்தான் வந்து பேசுவோம். யாழ்ப்பாணக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்), தமிழில், பின்னேரம் வையுங்கள். காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் மாற வேண்டும்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசி ஒருவர்