வரைபடத்தில் கையெழுத்து எங்கே?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 22 ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் மின்வேலை பார்க்கிறேன். சென்ற மாதம் பொங்கோலில் ஒரு நாலறை வீட்டிலிருந்து அழைப்பு. "தம்பி, சாமி மேடையில லைட் எரியல," அவ்வளவுதான் அந்த அக்கா சொன்னது.

போய்ப் பார்த்தால், வரவேற்பறைச் சுவரோடு சேர்த்து அடித்த லேமினேட் அலமாரிதான் சாமி மேடை. மேல்தட்டின் அடியில் எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டியிருந்தார்கள். அதற்கு நேர் கீழே காமாட்சி விளக்கு. திரிக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. மூன்று மாதம் விளக்கேற்றியதில் ஸ்ட்ரிப் பழுப்பேறி உருகி, லேமினேட் கொப்புளம் விட்டிருந்தது. சரி, ஸ்ட்ரிப்புக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் பெட்டி எங்கே என்று தேடினால், ஃபால்ஸ் சீலிங்குக்குள் வைத்து மூடிவிட்டார்கள். கை நுழைய ஒரு திறப்பு இல்லை. சீலிங்கை அறுத்துத்தான் எடுத்தேன்.

"இதை யாருக்கா வரைஞ்சது?"

"ஐடிதான், அதான் இன்டீரியர் டிசைனர். வீவகல பதிவு செஞ்ச கம்பெனின்னு சொன்னாங்களே!"

வரைபடத்தை வாங்கிப் பார்த்தேன். கீழ் மூலையில் 'வரைந்தவர்', 'சரிபார்த்தவர்' என்று இரண்டு கட்டங்கள். இரண்டும் காலி. நிறுவனத்தைக் கேட்டால் வேலை பார்த்தவரைக் கேளுங்கள் என்றார்களாம். அவரோ வரைபடத்தில் இருந்ததைத்தான் செய்தேன் என்றாராம்.

அக்காவைப் போலப் பலரும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். வீவக பட்டியலில் இருப்பது புதுப்பிப்புக் குத்தகையாளர் (கான்ட்ராக்டர்). சுவரை உடைப்பது, ஓடு பதிப்பது போன்ற வேலைகளுக்கான பதிவு அது. வீட்டை வரைந்தவர் எங்கே, என்ன படித்தார் என்பதை அது சொல்லாது.

நான் ஒரு வயரைத் தொட எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் வேண்டும். அதுவும் எலெக்ட்ரீஷியன் உரிமத்துக்கு 45 கேவிஏ மின்சுமை வரைதான். குழாய்க்கும் எரிவாயுவுக்கும் தனித்தனி உரிமம். சன்னல் மாட்டக்கூட அங்கீகாரம் பெற்ற ஆள் வேண்டும். பதிவு பெறாமல் கட்டடக் கலைஞர் என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் 'இன்டீரியர் டிசைனர்' என்று நாளைக்கே நான் கார்டு அடிக்கலாம், கேட்பாரில்லை. (அடித்தால் வருமானமாவது கூடும் என்கிறாள் என் மனைவி.)

இன்னொரு பக்கமும் உண்டு. திரைச்சீலைக்கு நிறம் சொல்வதுதான் இவர்கள் வேலை என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். நான் மதிக்கும் ஒரு டிசைனர் அம்மா, கோடு போடும் முன்பே சமையலறையில் அரை மணி நேரம் நின்று கேட்பார்: கிரைண்டர் எங்கே உட்காரும், தினமும் விளக்கு ஏற்றுவீர்களா, பாட்டி இரவில் எந்தப் பக்கம் நடப்பார். அப்புறம்தான் எனக்குப் பாயின்ட் குறித்துத் தருவார். அவர் குறித்த இடத்தை நான் மாற்றியதே இல்லை. அதையும் அந்தக் காலிக் கட்டத்தையும் ஒரே பெயரால் அழைக்கிறோம்.

டிசைனர்களுக்குத் தொழில் அங்கீகாரத் திட்டம் இங்கே இல்லாமல் இல்லை. ஆனால் அது விருப்பமிருந்தால் சேரும் திட்டம். அதைப் பற்றிக் கேட்ட வாடிக்கையாளரை நான் இதுவரை பார்த்ததில்லை. 'இன்டீரியர் டிசைனர்' என்ற பெயருக்கே பதிவு வேண்டும் என்பது என் கருத்து. அது வரும்வரை, மின்சாரமும் சீலிங்கும் அடுப்பும் வரும் ஒவ்வொரு வரைபடத்திலும் வரைந்தவர் பெயரும் கையெழுத்தும் கட்டாயமாகட்டும். நான் முடித்த வேலைக்கு நான் போடுகிறேனே.

சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை கேட்கலாம், இரண்டு ஆண்டு அவகாசமும் இருக்கிறது என்று அக்காவிடம் சொன்னேன். "கோர்ட்டு கீர்ட்டு எல்லாம் எதுக்கு தம்பி," என்றுவிட்டார். ஸ்ட்ரிப்பைக் கழற்றிக் கொடுத்தேன். இப்போது விளக்கை ஒரு தட்டில் வைத்து, அலமாரிக்கு வெளியே ஸ்டூலில் ஏற்றுகிறார். அந்த அலமாரிக்கு அவர் கொடுத்தது 1,800 வெள்ளி.

இப்படிக்கு,
உரிமம் பெற்ற மின்பணியாளர்,
ஈசூன்