முழங்காலுக்கு எதற்கு ஒரு ஏர்பேக்?

பாளையங்கோட்டை

அன்புள்ள ராமு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் வைத்த செய்தி கேட்டு இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். போட்டோவைப் பார்த்துவிட்டு, அப்படியே உன் அம்மா ஜாடை என்கிறாள் வாசுகி. இந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து தாமிரபரணிக் கால்வாய்களில் தண்ணீர் ஓடுகிறது. ஊரில் பிசான நடவு தொடங்கிவிட்டார்கள். தம்பிதான் வயலைப் பார்த்துக்கொள்கிறான். நான் வாரக் கடைசியில் போய் வருவதோடு சரி.

கார் விஷயத்துக்கு வருகிறேன். ஏழு ஏர்பேக் உள்ள வண்டியாகப் பார்க்கச் சொல்லி மருமகன் வற்புறுத்துகிறார், ஏழாவது பை முழங்காலுக்காம், எனக்கோ ஏற்கெனவே மூட்டு வலி, அது அவசியமா என்று கேட்டிருக்கிறாய். எலும்பு வார்டிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவனிடம் கேட்டுவிட்டாய், கொஞ்சம் விரிவாகத்தான் பதில் வரும்.

முன்னால் இரண்டு, பக்கவாட்டில் இரண்டு, ஜன்னலோரம் திரையாக இறங்குவது இரண்டு, ஆக ஆறு. ஏழாவது பை ஸ்டியரிங் தண்டுக்குக் கீழே, டேஷ்போர்டின் அடிப்பக்கம் ஒரு மூடிக்குள் மடங்கி இருக்கும். 1996-ஆம் ஆண்டு மாடல் கியா ஸ்போர்டேஜில்தான் முதலில் வந்தது. நம் ஊர் வண்டிகளில் இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர், எக்ஸ்யூவி 700-இன் மேல் ரகம் இவற்றில் வந்திருக்கிறது.

அது எதைத் தடுக்கப் பார்க்கிறது என்பதை எங்கள் வார்டிலிருந்து சொன்னால் உனக்குச் சுலபமாகப் புரியும். நேருக்கு நேர் மோதும்போது வண்டி நின்றுவிடும், ஓட்டுகிறவர் உடம்பு நிற்காது. இடுப்பு முன்னால் சரிந்து முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கும். இடி முழங்காலோடு நிற்காது, தொடை எலும்பு வழியாக இடுப்பு மூட்டு வரைக்கும் போகும். தொடை எலும்பின் மேல்முனையில் உள்ள பந்து, அது பொருந்தியிருக்கும் இடுப்பெலும்புக் கிண்ணத்தை விட்டுப் பின்பக்கமாக நழுவிவிடும். சில சமயம் கிண்ணத்தின் பின்சுவரையும் உடைத்துக்கொண்டு போகும். அப்படி நழுவியதை ஆறு மணி நேரத்துக்குள் இடத்தில் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு. தாமதமானால் பந்துக்குப் போகும் ரத்த ஓட்டம் கெட்டு, எலும்பே செத்துப்போகலாம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே இடித்தால் முன்கால் எலும்பு பின்னால் தள்ளப்பட்டு மூட்டுக்குள் இருக்கும் பின் ஜவ்வு கிழியும். தலையிலும் நெஞ்சிலும் அடிபட்டு வருபவரின் உயிரைக் காப்பாற்றும் அவசரத்தில் இந்தக் காயங்கள் உடனே கண்ணில் படாமலும் போகும். உயிர் பிழைத்தவர்கள், அப்புறம் தரையில் சம்மணம் போட்டு உட்கார முடியாமல் வருஷக்கணக்கில் அவதிப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் பற்றி விளம்பரத்தில் யாரும் பேசுவதில்லை.

ஏழாவது பை கண் இமைக்கும் நேரத்துக்குள் விரிந்து, காலுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே வந்து நிற்கும். ஸ்டியரிங் தண்டு, சாவி போடும் இடம் போன்ற கெட்டியான முனைகளில் முழங்கால் நேராக இடிக்காமல், அடியைப் பரவலாக வாங்கிக்கொள்ளும். இது வெளியே தெரிகிற வேலை. இதைவிடப் பெரிய வேலை இடுப்பைப் பிடித்து நிறுத்துவதுதான். இடுப்பு, சீட் பெல்ட்டுக்கு அடியில் நழுவினால் பெல்ட் வயிற்றின் மேல் ஏறிவிடும். அப்போது குடலும் கல்லீரலும் அடிபடும். நெஞ்சும் தலையும் முன் ஏர்பேக்கில் படவேண்டிய விதத்தில் படாது. முழங்காலை முட்டுக் கொடுத்து நிறுத்தினால் மேல் உடம்பு ஒழுங்காகப் போய்ப் பையில் சாயும். ஆகவே இது முழங்காலுக்கு மட்டுமான பை என்று நினைத்துவிடாதே. உன் மூட்டு வலிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இத்தனையும் கேட்டால் உடனே வாங்கிவிட வேண்டும் என்றுதான் தோன்றும். கொஞ்சம் பொறு. அமெரிக்காவில் இன்சூரன்ஸ் கம்பெனிகளின் பணத்தில் நடக்கும் ஐஐஎச்எஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2019-இல் இதைச் சோதித்துப் பார்த்தது. 400-க்கும் மேற்பட்ட மோதல் சோதனைகளின் கணக்கையும், 14 மாநிலங்களில் நடந்த உண்மையான விபத்துகளின் பதிவுகளையும் எடுத்துக்கொண்டார்கள். முழங்கால் பை இருந்தால் காயம்படும் வாய்ப்பு 7.9 சதவீதத்திலிருந்து 7.4 சதவீதமாகக் குறைந்தது. புள்ளியியல்படி அது தற்செயலாகவும் இருக்கக்கூடிய வித்தியாசம். வண்டியின் முன் மூலை மட்டும் மோதும் சோதனையில், பை இருந்த வண்டிகளில் கீழ்க்கால் காய வாய்ப்பு கூடியிருந்தது, தலைக்காய வாய்ப்பு சற்றுக் குறைந்திருந்தது.

அப்படியானால் கம்பெனிகள் ஏன் வைக்கின்றன? அமெரிக்க அரசின் சோதனைகளில் ஒன்றில் பெல்ட் போடாத பொம்மையை உட்காரவைத்து மோதவிடுவார்கள். அதில் தொடை எலும்பில் இறங்கும் விசைக்கு வரம்பு உண்டு. நடுத்தர ஆணின் உருவத்துக்கு 10 கிலோ நியூட்டன், ஏறக்குறைய ஒரு டன் எடை. சின்ன உருவப் பெண்ணுக்கு 6.8. பெல்ட் இல்லாத உடம்பைப் பிடித்து நிறுத்த முழங்காலில்தான் முட்டுக் கொடுத்தாக வேண்டும், அதற்கு இந்தப் பை கைகொடுக்கிறது. அந்தச் சோதனையில் தேறவும் இது வைக்கப்பட்டிருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்களே சொல்கிறார்கள். பெல்ட் போட்டு ஒழுங்காக உட்கார்ந்தவருக்கு இது கூடுதலாகத் தருவது கொஞ்சம்தான்.

அதனால் நான் சொல்வது இதுதான், ராமு. நீ பார்க்கும் வண்டியில் தானாகவே இருந்தால் நல்லது. இதற்காக மட்டும் சில லட்சம் கூடப் போட்டு டாப் மாடலுக்குப் போகாதே. நம் அரசின் கார் பாதுகாப்புச் சோதனைத் திட்டமான பாரத் என்கேப் 2023 அக்டோபரிலிருந்து நட்சத்திரம் கொடுக்கிறது, 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதிப் பார்க்கிறார்கள். அதில் நல்ல மதிப்பெண் வாங்கிய வண்டியாகப் பார். பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் ஓடாமல் இடுப்பெலும்பின் மேல் படிந்து கிடக்கட்டும். பெல்ட் போடாவிட்டால் வரும் பீப் சத்தத்தை நிறுத்த வெறும் கொக்கியை வாங்கி மாட்டுகிறார்களே, அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதை ஆன்லைன் கடைகளிலிருந்து எடுக்கச் சொன்னது, அப்படியும் ஆட்கள் தேடி வாங்குகிறார்கள்.

முழங்கால் பை உள்ள வண்டியே அமைந்தால், சாவியில் கனமான கொத்து எதுவும் தொங்கவிடாதே. உன்னிடம் எப்போதும் கடை, பீரோ, கேட் எல்லாச் சாவியும் ஒரே வளையத்தில் இருக்கும். பை விரியும்போது அது தடையாகலாம், இல்லை உன் மேலேயே பாய்ந்து வரலாம். டொயோட்டா கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள மூடியில் எதையும் ஒட்டவும் வேண்டாம். பழைய வண்டியாக வாங்கினால், சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில வினாடி எரிந்து அணைகிறதா பார். எரியவே இல்லை என்றாலும் சந்தேகப்படு. ஒருமுறை வெடித்த பையை மாற்றாமல், விளக்கை மட்டும் சமாளித்து விற்கிறவர்கள் உண்டு.

கடைசியாக ஒன்று. வண்டியை நீ மட்டும் ஓட்டப்போவதில்லை, கோமதியும் ஓட்டுவாள். அவள் உயரத்துக்கு சீட்டை முன்னே இழுத்தால்தான் பெடல் எட்டும், அப்போது முழங்கால் டேஷ்போர்டுக்கு மிகவும் நெருங்கிவிடும். நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே 25 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். எந்த வண்டியில் சீட்டையும் ஸ்டியரிங்கையும் உயர்த்தி இறக்கி அவளுக்கு இடம் கிடைக்கிறதோ அதைத் தேர்ந்தெடு. டெஸ்ட் டிரைவுக்கு கோமதியையும் கூட்டிக்கொண்டு போய் ஓட்டச் சொல், எந்த வண்டி அவளுக்கு வசதியாக இருந்தது என்று எழுது.

அன்புடன்,
கண்ணன்