தெருக்கரையில் நிற்கிற வாத்து

ஸ்காபரோ, கனடா,
ஆவணி மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் எல்லாரும் நல்ல சுகம். உங்கட கண் ஒபரேசன் நல்லபடி முடிந்தது என்று தம்பி சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ரெலிபோனில் ஆறுதலாகக் கதைக்க இந்தப் பிள்ளைகள் விடுவதில்லை, அதனால் எழுதுகிறேன். தம்பியை வாசிக்கச் சொல்லுங்கோ, நீங்கள் கண்ணை வருத்த வேண்டாம்.

பள்ளிக்கூட விடுமுறைக்கு இந்த முறை நயாகராப் பக்கம் போகாமல் வடக்கே காரில் வெளிக்கிட்டோம். இறைச்சி ரோல்ஸ், சீனிச்சம்பலும் பாணும், பிளாஸ்கில் தேத்தண்ணி. இந்த நாட்டுத் தெருக்கரைகளில் பெரிய பெரிய உருவங்கள் செய்து வைத்திருக்கிறார்கள். அதுகளைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம்.

முதலில் சட்பெரி, ரொறன்ரோவிலிருந்து நானூறு கிலோமீற்றர் வரும். நிக்கல் தோண்டுகிற ஊர். அங்கே முப்பது அடி உயரத்தில் ஒரு ஐந்து சத நாணயக் குத்தி நிற்கிறது! 1951இல் வந்த பன்னிரண்டு மூலைக் குத்தியின் அச்சு. ஒரு பக்கம் ஆறாம் ஜோர்ஜ் அரசர். அம்மம்மாவின் தகரப்பெட்டியில் கிடந்த பழைய இலங்கைச் சதங்களில் இருந்த அதே முகம், அப்பா. கண்டவுடன் எனக்குப் பெட்டியின் துரு மணமே வந்துவிட்டது. இதைக் கட்டுவித்தவர் ரெட் சில்வா என்று ஒரு தீயணைப்பு வீரர். நகரத்துக் குழு வேண்டாம் என்று சொல்லியும் விடவில்லை. பதக்கங்கள் விற்றுக் காசு சேர்த்து 1964இல் நிறுத்திவிட்டார். மறுபக்கத்தில் புகைபோக்கியோடு ஒரு ஆலை. அந்தப் புகையால்தான் ஒரு காலம் ஊரைச் சுற்றிப் புல்லுக்கூட முளைக்காமல் பாறை கறுத்துக் கிடந்ததாம். 1978இலிருந்து சுண்ணாம்பு தூவி மரம் நட்டு நட்டு, இப்போது பார்த்த இடமெல்லாம் பச்சை. எனக்குக் குத்தியை விட அதுதான் பெரிதாகப் பட்டது.

பிறகு சுப்பீரியர் ஏரிக்கரை வழியே ஓடினோம். ஏரி என்கிறார்கள், அக்கரை தெரியாது, அலை அடிக்கிறது. முழு இலங்கையையும் தூக்கி அதற்குள் வைத்தாலும் இடம் மிஞ்சும். ஆனால் உப்பு மணம் இல்லை. கடற்கரையில் பிறந்த எனக்கு அது என்னவோ செய்தது.

நான் உங்களுக்குச் சொல்ல வந்தது வாவா என்ற ஊரைப் பற்றி. சின்ன ஊர், இரும்புத்தாது எடுத்த இடம். 1960 வரைக்கும் தெற்கிலிருந்து நேராக வரத் தெருவே இல்லை. அந்த வருசம் ஹைவே வந்தது. எத்தனை காலம் காத்திருந்த தெரு, ஊருக்குள்ளே போகாமல் விலத்திப் போய்விட்டது. வாகனங்கள் நிற்காமல் ஓடினால் கடைகள் என்ன ஆகும்? அல் ரேர்கொட் என்ற ஊர் வியாபாரி ஒருவர், சந்தியில் பெரிய காட்டு வாத்து ஒன்றை வைப்போம் என்று எல்லாரையும் சேர்த்தார். தெரு திறந்த அன்றே வாத்தும் நின்றது. முதல் வாத்து சாந்தால் செய்தது, அந்தக் குளிருக்குத் தாங்கவில்லை. 1963இல் இரும்பால் செய்தார்கள். அதுவும் துருப்பிடிக்க, 2017இல் புதிதாக ஒன்று. மூன்று தரம், அப்பா! ஊர் அதை விடவே இல்லை.

இருபத்தெட்டடி உயரம். சிறகை விரித்து, கழுத்தை நீட்டி, இப்போதுதான் வந்து இறங்கியது போல நிற்கிறது. சின்னவள் கீழே நின்று தானும் கையை விரித்தாள். எங்களுக்கு முன்னும் பின்னும் கார்கள் வந்து நின்றபடிதான். எனக்கு எங்கட முறிகண்டிப் பிள்ளையார் கோயில் ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்து ஏ9 தெருவில் போகிற எந்த வாகனமும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் போகாது, இறங்கினால் கச்சான் கடலை வாங்காமல் ஏறமாட்டோம். அங்கே பிள்ளையார் நிறுத்துகிறார். இவர்களுக்கு நிறுத்த ஒன்றும் இல்லாததால் தாங்களே ஒன்றைச் செய்துகொண்டார்கள். ஊருக்குள் போய்ச் சாப்பிட்டோம், கடையில் பிள்ளைகளுக்குச் சின்ன வாத்துகளும் வாங்கினோம். வாங்காமல் வர எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த கோடைக்கு அல்பேர்ட்டாவில் வெக்ரவில் போக வேண்டும் என்கிறார் இவர். உக்ரைனிலிருந்து வந்து குடியேறியவர்களின் ஈஸ்டர் முட்டையைக் கோலம் போட்டுப் பிரமாண்டமாக 1975இல் வைத்திருக்கிறார்களாம், காற்றுக்குத் திரும்புமாம். நாங்கள் இங்கே ஒன்று வைப்பதென்றால் எதை வைக்கலாம் என்று பெரியவன் கேட்டான். நான் பனை என்றேன். இவர் யாழ் என்றார். சின்னவள் கச்சான் சுருள்தான் என்று அடம். திரும்பி வரும் வழி முழுக்க இதே கதைதான். நீங்கள் எதைச் சொல்லுகிறீங்கள் என்று பிள்ளைகள் கேட்கச் சொன்னார்கள். தம்பியிடம் சொல்லி எழுதுவியுங்கோ.

படங்கள் தம்பியின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். கண்ணுக்கு மருந்து விடுகிற நேரம் தவற வேண்டாம்.

உங்கள் அன்பு மகள்